கொடுமணல்: நொய்யற்கரைச் சிற்றூர் ஒன்றின் நிலமும் வரலாறும் பிழைப்பும்

கிராமத் திருப்பணியைக் குறித்து நம் பிரசங்க மேடைகளில் பேசப்படும்போது, கிராமம் என்பது பெரும்பாலும் ஓர் ஓவியமாகவே நிற்கிறது. ஏர் பூட்டிய எருதுகள், கிணற்றடி, ஆலமரம், மாலையில் பட்டிக்குத் திரும்பும் ஆடுகள். இவற்றோடு சிறிது அறியாமையும் வறுமையும் சேர்ந்துவிட்டால் ஓவியம் நிறைவு பெறுகிறது. தொழிலும் வாணிபமும் பிற்காலத்தில் நகரத்திலிருந்து வந்து அதனைக் கெடுத்தன என்ற எண்ணமும் உடன் வருகிறது. இவ்வெண்ணம் கவிஞருக்கு உதவக்கூடும். சேகரம் ஒன்றின் பொறுப்பை ஏற்று அங்கே குடியேறும் ஆயருக்கு உதவாது. ஓர் ஊரின் மண் எத்தகையது, அதன் நீர் எங்கிருந்து வருகிறது, அங்கு விளைவதும் செய்யப்படுவதும் எங்கே போகின்றன, பணம் யார் கையில் தங்குகிறது என்னும் வினாக்களுக்கு விடை அறியாமல் அங்கு அருளுரை ஆற்றுவது, நோயாளியின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு மருந்து கொடுப்பதை ஒக்கும்.

இதனை விளக்குவதற்குக் கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், நொய்யலாற்றின் வடகரையில் அமைந்துள்ள கொடுமணல் அவ்வூர். தொல்லியல் கற்றோர் இதன் பெயரை நன்கு அறிவர். நம் மாணவருள் பலர் அறியார். அறிந்தவரும் இதனைப் பழம்பெருமையின் சின்னமாக மட்டுமே அறிவர். ஆனால் இவ்வூரின் கடந்த இரண்டாயிரம் ஆண்டுகளையும் கடந்த நாற்பது ஆண்டுகளையும் ஒருங்கே வைத்து நோக்கினால்தான், கிராமம் என்று நாம் சொல்வது யாது என்பது விளங்கும்.

ஆறும் காடும்

நொய்யல் மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளியங்கிரிப் பகுதியில் தோன்றி, கிழக்கு நோக்கி ஏறத்தாழ 170 கிலோமீட்டர் ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்னும் ஊரருகே காவிரியில் கலக்கிறது. புராணங்கள் இதனைக் காஞ்சிமாநதி என அழைக்கும். ஆண்டு முழுவதும் பெருகியோடும் ஆறன்று இது. இரு பருவ மழைகளின் போதும் நீர் வரும். மற்றைய காலத்தில் மணலே காட்சியளிக்கும். ஆகவே முன்னோர் இவ்வாற்றின் குறுக்கே பல சிறு அணைக்கட்டுகளைக் கட்டி, வெள்ளநீரை வாய்க்கால்கள் வழியே குளங்களுக்குத் திருப்பினர். கோவை உக்கடம் பெரியகுளமும், சிங்காநல்லூர்க் குளமும், சூலூர்க் குளமும் அச்சங்கிலியின் கண்ணிகளே. ஒரு குளம் நிரம்பினால் அடுத்ததற்கு நீர் செல்லும். மேலுள்ளவர் தேவைக்கு மேல் தடுத்தால் கீழுள்ளவர் வாடுவர். இந்த எளிய உண்மையை மறவாதிருப்போமாக. இக்கட்டுரை முழுவதும் அதன் விரிவேயாகும்.

காந்திபுரத்தில் வாழும் நம் வாசகர் இவ்வாறு தமக்குத் தொலைவில் உள்ளதென்று கருத வேண்டா. நகரின் வடபகுதிக் கழிவுநீரைச் சுமந்துகொண்டு செல்லும் சங்கனூர்ப் பள்ளம் சிங்காநல்லூர்ப் பக்கம் சென்று நொய்யலின் நீர்வழியோடுதான் சேருகிறது. பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள விடுதிகளில் கழுவப்படும் தட்டுகளின் நீருக்கும் கொடுமணல் கரைக்கும் உறவு உண்டு.

கோவையைத் தாண்டிக் கிழக்கே செல்லச் செல்ல மழை குறையும். காங்கேயம், சென்னிமலைப் பக்கத்து நிலம் சரளை கலந்த செம்மண் மேட்டு நிலம். இங்கே உழவைவிட மேய்ச்சலே பழைய பிழைப்பு. கொறங்காடு என்று இப்பகுதி மக்கள் அழைக்கும் மேய்ச்சல் காட்டினை வெளியூரார் தரிசு நிலம் என்று எண்ணி ஏமாறுவர். அது திட்டமிட்டு வளர்க்கப்படுவது. சுற்றிலும் முட்கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். ஆங்காங்கே வெள்வேல மரங்கள். மழை பொய்த்த ஆண்டிலும் வெள்வேலங்காய் ஆடுகளைக் காப்பாற்றும். காங்கேயம் காளைகள் புகழ்பெற்றது இந்தப் புல்லினால்தான். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் அவ்வினத்தைப் பேணி வளர்த்தமை யாவரும் அறிந்ததே.

மண்ணின் மேற்பரப்பு வறியதாயினும் அதன் அடியிலுள்ள பாறை வறியதன்று. காங்கேயத்தை அடுத்த படியூரில் பெரில் எனப்படும் பச்சைக்கல் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆங்கிலேயர் ஒருவர் அங்கே அதனை வெட்டி எடுத்தார். நீலக்கல்லும் பளிங்கும் இவ்வட்டாரத்தில் உண்டு. சென்னிமலையில் இரும்புத்தாது உண்டு. இனி, வரைபடத்தில் நொய்யலை மேற்கு நோக்கித் தொடர்ந்தால் அது பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் நம்மைக் கொண்டுபோய் விடுகிறது. கணவாய்க்கு அப்பால் சேரநாட்டு முசிறித் துறைமுகம், கிழக்கே சென்றால் கரூர், அதற்கப்பால் காவிரிப்பூம்பட்டினம். மலைத்தொடரில் இயற்கை விட்டுவைத்த ஒரே அகன்ற வாயில் அக்கணவாய் ஆதலால், இரு கடல்களுக்கும் இடையே பயணம் செய்த வணிகர் நொய்யற்கரை வழியே செல்வது இயல்பாயிற்று. பிற்காலத்தும் அவ்வழி அழியவில்லை. இராசகேசரிப் பெருவழி என்று அதன் பெயரைப் பொறித்த சோழர்காலக் கல்வெட்டு கோவைக்கு மேற்கே உள்ளது.

கல்லும் நீரும் வழியும் கூடுமிடத்தில் கொடுமணல் எழுந்தது.

பட்டறைகளின் ஊர்

பதிற்றுப்பத்தில் இரு பாடல்கள், 67ஆம் பாடலும் 74ஆம் பாடலும், கொடுமணம் என்னும் ஊரைப் பந்தர் என்னும் ஊரோடு சேர்த்துக் குறிப்பிடுகின்றன. முன்னதைப் பாடியவர் கபிலர். பின்னதைப் பாடியவர் அரிசில்கிழார். பந்தர் முத்துக்குப் பெயர்பெற்றது போன்று கொடுமணம் வேலைப்பாடமைந்த அணிகலன்களுக்குப் பெயர்பெற்றதென்பது அவற்றால் அறியப்படும். அக்கொடுமணமே இன்றைய கொடுமணல் என்பது அறிஞர் கொள்கை. 1985ஆம் ஆண்டு முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் இங்கு அகழாய்வு மேற்கொண்டனர். பின்னர் 2012, 2013ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் பேராசிரியர் கா. இராசனும், அதன்பின் தமிழக அரசின் தொல்லியல் துறையினரும் பணியைத் தொடர்ந்தனர். புலவர் வாக்கு மிகைக்கூற்றன்று என்பதை மண் மெய்ப்பித்தது.

அகழ்ந்த இடத்தில் வெளிப்பட்டது அரண்மனையன்று, கோயிலுமன்று, பட்டறைகள். இரும்பை உருக்கிய உலைகளும் கசடும் கிடைத்தன. எஃகு செய்வதற்குரிய மூசைகளோடு கூடிய உலையும் காணப்பட்டது. மணிகள் செய்யும் தொழிலின் எல்லாப் படிகளும் கிடைத்தன: உடைக்காத கல், உடைத்த துண்டு, தேய்த்தது, துளையிடத் தொடங்கிப் பாதியில் உடைந்தது, முற்றுப்பெற்றது. பச்சைக்கல்லும் நீலக்கல்லும் பளிங்கும் உள்ளூர்ச் சரக்கு. சூதுபவளக் கல் கூர்ச்சரத்துப் பக்கத்திலிருந்தும், வைடூரிய நீலம் போன்ற இராசவர்த்தக் கல் ஆப்கானிய மலைகளிலிருந்தும் வந்திருத்தல் வேண்டும் என்பர். தக்களிகள் கிடைத்தமையால் நூற்கும் தொழிலும் இருந்தமை தெளிவாம். கிறிஸ்துவுக்கு முற்பட்ட 4ஆம் நூற்றாண்டளவிலிருந்து கிறிஸ்துவுக்குப் பிற்பட்ட 3ஆம் நூற்றாண்டு வரை இவ்வூர் சிறந்திருந்ததாகக் கொள்ளலாம்.

இப்பொருள்கள் சென்ற இடம் எது? ரோமானிய எழுத்தாளர் பிளினி, பெரில் என்னும் கல் இந்தியாவிலன்றிப் பிறவிடத்து அரிதாகவே கிடைப்பதென்று எழுதினார். அக்கல்லுக்கு ரோமர் கொடுத்த விலையின் ஒரு பங்கு கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டு முதல் பன்முறை புதையலாகக் கிடைத்தது. அகுஸ்து, திபேரியு ஆகிய இரு பேரரசர்களின் வெள்ளிக்காசுகள் அவற்றில் மிகுதி. திருமறை மாணவர் இங்கே சற்று நிற்றல் வேண்டும். வரிக்காசைக் காட்டுமாறு நம் ஆண்டவர் கேட்டபோது அவர் கையில் கொடுக்கப்பட்டது திபேரியுவின் உருவம் பொறித்த தெனாரியம் என்பது விளக்கவுரையாளர் பலர் கருத்து. அதே வகைக் காசு அதே காலத்தில் நொய்யற்கரையிலும் புழங்கிற்று. ஆரோனின் மார்ப்பதக்கத்திலும், யோவான் கண்ட புதிய எருசலேமின் எட்டாம் அஸ்திபாரத்திலும் நம் வேதாகமம் படிகப்பச்சை என்று பெயரிடும் கல் இந்தப் பெரிலே என்பர். வெளிப்படுத்தின விசேஷம் 18ஆம் அதிகாரத்தில் பாபிலோனின் வணிகர் இனி வாங்குவாரில்லையே என்று புலம்பும் சரக்குப் பட்டியலில் இரத்தினங்களும் முத்துகளும் முன்னே நிற்கின்றன; மனித உயிர்கள் கடைசியில் வருகின்றன. அப்பட்டியலை வாசிக்கும்போது ரோமாபுரியின் கடைத்தெருவை மட்டும் நினைப்பது போதாது. கல்லைத் தேய்த்துக் கண் மங்கிய கொடுமணல் தொழிலாளியும் அப்பட்டியலின் மறுமுனையில் இருக்கிறான்.

அத்தொழிலாளி எழுத்தறியாதவன் என்று எண்ணிவிடலாகாது. தமிழி எழுத்துப் பொறித்த நூற்றுக்கணக்கான பானை ஓடுகள் இவ்வூரில் கிடைத்துள்ளன. கண்ணன் ஆதன், சம்பன் சுமணன் என்றாற்போன்ற மக்கட் பெயர்கள் அவற்றில் உள்ளன. வணிகர் குழுவைக் குறிக்கும் நிகம என்னும் சொல்லும் உள்ளது. அரசாணையைப் பொறித்த கல்வெட்டல்ல இவை. தன் பானை தன்னுடையதென்று அடையாளம் வைத்த எளியவரின் கையெழுத்து. ஏழைக்கு எழுத்தைக் கொடுத்தவர் மிஷனெரிகளே என்று நம் நூற்றாண்டு விழா மலர்கள் எழுதுவதுண்டு. மூடப்பட்டிருந்த பள்ளிக்கதவை அவர்கள் திறந்தனர் என்பது உண்மை. அதற்காக நன்றி கூறுகிறோம். ஆனால் அக்கதவு தொன்றுதொட்டு மூடியே இருந்ததன்று. இடையில் எவராலோ மூடப்பட்டது என்று எழுதுவதே வரலாற்றுக்குப் பொருந்தும்.

ஊருக்கு அருகே பெருங்கற்காலக் கல்லறைகள் பரந்து கிடக்கின்றன. ஒரு கல்லறையில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. எல்லாக் கல்லறைகளும் அத்தகையனவல்ல. மணி செய்தவர் யார், மணியோடு புதைக்கப்பட்டவர் யார் என்னும் வினா அந்நாளிலேயே இருந்தது. ஆகவே பழங்கிராமம் சமத்துவத்தின் இருப்பிடம் என்பதையும், தொழில் அதற்கு அந்நியம் என்பதையும் கொடுமணலை அறிந்தவர் சொல்லத் துணியார். வெளிநாட்டுச் சந்தைக்காக உழைத்த ஏற்றுமதி ஊர் இது. இன்றைய திருப்பூருக்கு மிக முந்திய உடன்பிறப்பு.

இடைக்காலமும் கிணறும்

ரோம வாணிபம் தளர்ந்தபின் கொடுமணல் பட்டறைகள் அடங்கின. ஊர் மேய்ச்சலுக்கும் மானாவாரிச் சோளம் கம்புக்கும் திரும்பிற்று. இடைப்பட்ட பல நூற்றாண்டுகளை இங்கு விரிப்பதற்கில்லை. கிணற்றைப் பற்றி மட்டும் ஒரு சொல். கொங்கு மேட்டு நிலத்தில் உழவென்பது கிணற்று உழவே. கவலை பூட்டி எருதுகளைக் கொண்டு தோற்பறையால் நீர் இறைத்தனர். நிலம் ஒரு சமூகத்தாருடையது, இறைப்பவன் பண்ணையாள், தோற்பறையைத் தைத்துக் கொடுத்தவர் அருந்ததியர். 1932ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் திட்டம் மின்சாரம் தரத் தொடங்கியபின், கோவைச் சீமையில் ஆலைகள் பெருகின. படிப்படியாகக் கிணறுகளில் மின்மோட்டார்களும் ஏறின. கவலை மறைந்தது. தோற்பறை மறைந்தது, அதனோடு ஒரு சமூகத்தின் பழைய தொழிலும், பண்ணையடிமைத்தனத்தின் ஒரு கட்டும் தளர்ந்தன. இது விடுதலையா, வேலையிழப்பா என்றால் இரண்டும் ஆம்.

நம் திருச்சபையின் வரலாறு இந்தப் பின்னணியிலேயே வாசிக்கத் தக்கது. லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆடிஸ் ஐயர் 1830ஆம் ஆண்டு கோவைக்கு வந்தார். அந்நூற்றாண்டின் இறுதியில் வந்த பிரப் ஐயரின் பெயரை ஈரோட்டு நினைவாலயம் தாங்கி நிற்கிறது. கிராமங்களில் நற்செய்தியை ஏற்றவருள் மிகுதியானோர் நிலமற்ற உழைப்பாளர். கிணறு அவர்களுடையதன்று, பல ஊர்களில் அதனருகே செல்லவும் அவர்களுக்கு உரிமை இருந்ததில்லை. சமாரியப் பெண் கிணற்றடியில் நின்ற பகுதியை அவர்கள் கேட்ட செவி வேறு. நாம் கேட்கும் செவி வேறு.

உப்பின் கதை

இனி, கொடுமணலுக்கு மேற்கே ஆற்றின் மேல்நிலையில் உள்ள திருப்பூருக்கு வருவோம். சுற்றிலும் பருத்தி விளைந்தது, இருப்புப்பாதை 19ஆம் நூற்றாண்டிலேயே வந்தது, மின்சாரம் வந்தது, உழவுக் குடும்பங்களில் சிறுமுதல் இருந்தது, கொறங்காட்டில் வேலையற்ற கைகள் இருந்தன. 1920களில் சிறிதாகத் தொடங்கிய பனியன் தொழில் 1980களுக்குப் பின் ஏற்றுமதியால் வளர்ந்து, இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்குமேல் ஒரே ஊரிலிருந்து செல்லும் நிலையை எட்டியது. இலட்சக்கணக்கானோர்க்கு அது சோறிட்டது. பண்ணையாளின் மகள் தன் பெயரில் வாரச் சம்பளம் வாங்கியது திருப்பூரில்தான். இதனைச் சிறிதென்று கருதுவோர் பண்ணை வாழ்வை அறியாதவர்.

ஆனால் பனியனுக்கு நிறம் வேண்டும். சலவைப்பட்டறைகளும் சாயப்பட்டறைகளும் நூற்றுக்கணக்கில் நொய்யலின் இருமருங்கும் எழுந்தன. அவற்றின் வேலைமுறையை ஆயர்கள் ஓரளவேனும் அறிந்திருத்தல் நன்று. ஏனெனில் கேட்டின் வேர் அதில் உள்ளது. பருத்தி இழை சாயத்தை எளிதில் பற்றுவதில்லை. நீரில் கரைந்த சாயத்தை இழையின்பால் தள்ளுவதற்கு உப்பு வேண்டும். ஒரு லிட்டர் சாயநீருக்குப் பல பத்து கிராம் உப்பு இடப்படும். சாயத்தின் பெரும்பகுதி துணியில் ஏறிவிடும். உப்போ சிறிதும் ஏறாது. இட்டது இட்டவாறே கழிவுநீரில் வெளியேறும். கண்ணுக்குத் தெரியும் நிறத்தைச் சுண்ணாம்பும் பிற மருந்துகளும் இட்டுப் படியவைத்து அகற்றலாம். கரைந்த உப்பு அவ்வாறு அகலாது. எனவே தெளிந்த நீர் என்று திறந்துவிடப்பட்டதும் உவர்நீராகவே இருந்தது. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது விதி. விதி தாளில் இருந்தது.

இந்நிலையில், நொய்யலின் நீரைத் தேக்கிக் கரூர்ப் பக்கத்து நிலங்கள் உள்ளிட்ட சுமார் பத்தாயிரம் ஏக்கருக்குப் பாசனம் தரும் நோக்கத்தோடு, கொடுமணலுக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் அணை ஒன்று கட்டப்பட்டு 1992ஆம் ஆண்டில் முடிவுற்றது. தேங்கியது மழைநீர் மட்டுமன்று. மேலே வெளியேற்றப்பட்ட கழிவனைத்தும் அங்கு வந்து நின்றது. வெயிலில் நீர் ஆவியாக, உப்பு மிஞ்சியது. நின்ற நீர் பக்கத்துக் கிணறுகளில் ஊறியது. உப்பேறிய களிமண் இறுகி நீரை உள்வாங்காது. தென்னை குரும்பை உதிர்க்கும். மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தொட்டியை விட்டு விலகும். கொடுமணலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் குடிநீரை வெளியிலிருந்து எதிர்பார்க்கும் நிலை வந்தது. அணையைத் திறந்துவிட்டபோது கீழே கரூர்ப் பகுதி வயல்கள் கெட்டன. முடிவில், தங்களுக்காகக் கட்டப்பட்ட அணையில் நீரைத் தேக்கவே வேண்டா என்று உழவர் தாமே கேட்டு நீதிமன்றத்தை நாடினர். உலகில் வேறெங்கும் இத்தகைய மன்றாட்டு எழுந்ததோ அறியோம்.

வழக்குகள் நீண்டன. கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறாத முறையைச் சாயப்பட்டறைகள் மேற்கொள்ள வேண்டுமென்று 2006ஆம் ஆண்டு இறுதியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 2009ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது. ஆணை நிறைவேறாமையால் 2011 சனவரி 28ஆம் நாள் உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச்சொல்லிற்று. எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் நின்றன. பின்னர் சவ்வு வடிகட்டிகளாலும் ஆவியாக்கும் கலங்களாலும் நீரையும் உப்பையும் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தும் முறை அரசின் கடனுதவியோடு வளர்ந்து, தொழில் திரும்பவும் எழுந்தது. இது சிறிய சாதனையன்று. ஆயினும் மழைநாள்களில் ஆறு நிறம் மாறி நுரைத்தோடுவதாகப் புகார்கள் இன்றும் எழுகின்றன. மண்ணில் ஏறிய உப்பு ஆணைக்குக் கட்டுப்பட்டு இறங்குவதுமில்லை.

உழவர்க்கு இழப்பீடு மதிப்பிடும் பணி சூழல் இழப்பீட்டு ஆணையத்திடம் அளிக்கப்பட்டது. இழப்பீடு நிலப்பரப்பைக் கொண்டு கணக்கிடப்பட்டது. நிலமில்லாதவனுக்குப் பரப்பு ஏது? வயல் கெட்டபோது களை பறிக்கும் கூலி போனவளும், ஆட்டுக்குத் தண்ணீர் தேடிப் பல கல் நடந்தவனும் எந்தப் பட்டியலில் வருவர்? நம் கிராமச் சபைகளின் அங்கத்தினர் பெரும்பாலும் இவ்வகுப்பினரே என்பதனால் இதனைக் குறிப்பிடுகிறோம்.

ஆயர் நிற்கும் இடம்

எசேக்கியேல் 34ஆம் அதிகாரத்தை நாம் ஆயர் பொருட்டே வாசித்துப் பழகிவிட்டோம். குருப்பட்ட ஆராதனைகளில் அதன் முதற்பகுதி தவறாமல் இடம்பெறும். 18, 19ஆம் வசனங்களுக்கு வருவோர் சிலரே. அங்கே தீர்க்கதரிசி மேய்ப்பரை விட்டு மந்தையை நோக்கித் திரும்புகிறார். தெளிந்த நீரைக் குடித்துவிட்டு, மிச்சத்தைக் காலால் கலக்கி, பின்வரும் ஆடுகளைக் கலங்கலைக் குடிக்கச் செய்யும் ஆடுகளை அவர் வினவுகிறார். கலக்கியதும் கலங்கலைக் குடித்ததும் ஒரே மந்தை. நொய்யலின் நிலை இதுவே. திருப்பூர்ச் சபைகளில் பட்டறை முதலாளி ஒருவர் இருக்கலாம்; சாயத்தொட்டியில் இறங்கி வேலை செய்வோர் பலர் இருப்பர்; திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமைகளிலிருந்து வந்து பனியன் தைப்போரும் உளர். கீழே கரூர் வரையுள்ள சபைகளில் கிணறு கெட்டவர் உளர். 2011ஆம் ஆண்டு ஆணை வந்த வாரத்தில் மேலே உள்ள ஆலயத்தில் வேலை மீண்டும் கிடைக்க ஜெபம் ஏறெடுப்பதும், கீழே உள்ள ஆலயத்தில் நீதி கிடைத்ததற்கு ஸ்தோத்திரம் செலுத்துவதும் இயல்பே. இரண்டும் ஒரே பரமபிதாவின் சமூகத்துக்கு ஏறுவன. இரண்டையும் ஒருங்கே கேட்கும் செவி நம்மிடம் உண்டா என்பதே வினா. மேலேயுள்ள சேகரத்தார் கீழேயுள்ள சேகரத்தாரை ஆற்றங்கரையில் சந்தித்துப் பேசச் செய்வது எந்த அருளுரையினும் பயன்தரும் என்பது நம் துணிபு.

உப்பைக் குறித்த அருளுரைக்கும் இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. பூமிக்கு உப்பாயிருத்தலைப் பற்றி ஒரத்துப்பாளையத்துக் கரையில் பேசுவோர், அபிமெலேக்கு சீகேமை இடித்து அதில் உப்பு விதைத்ததையும் நினைவிற்கொள்ள வேண்டும். அம்மக்களுக்கு உப்பு எதைச் செய்யும் என்பது பிரசங்கியாரைவிட நன்றாகத் தெரியும். எரிகோவின் ஊரார் எலிசாவிடம் வந்து, குடியிருப்புக்கு இடம் ஏற்றதாயினும் நீர் கெட்டு நிலம் பயனற்றுப் போனதென்று முறையிட்ட பகுதியே (2 இராஜாக்கள் 2) அங்கு முதலில் வாசிக்கத் தக்கது. தீர்க்கதரிசி ஆறுதல் மட்டும் சொல்லி அனுப்பவில்லை. நீரூற்று எங்கே என்று தேடிச் சென்றார்.

அவ்வாறு ஊற்றுவரை சென்ற ஆயர் ஒருவரைத் திருச்சபை வரலாறு அறியும். பிரான்சு நாட்டின் கீழ்த்திசையில், வோஜ் மலைகளின் இடையே வால்டர்ஸ்பாக் என்னும் வறிய புராட்டஸ்தாந்து சிற்றூருக்கு 1767ஆம் ஆண்டில் ஓபர்லின் என்னும் இளம் ஆயர் சென்றார். மணற்பாங்கான மெலிந்த மண், நீண்ட குளிர்காலம், வெளியுலகுக்குச் செல்லத் தக்க சாலை இல்லை. விளைந்த சிறிதையும் விற்கச் சந்தைக்குக் கொண்டுசெல்ல இயலாதென்பதை அவர் கண்டார். ஞாயிறன்று பிரசங்கித்துவிட்டுத் திங்களன்று கடப்பாறையோடு மக்களுக்கு முன்னே நடந்து சாலையும் பாலமும் அமைத்தார். உருளைக்கிழங்கு விதையைச் சீர்திருத்தினார், மரம் நட்டார், தாய்மார் வயலில் உழைக்கையில் சிறுபிள்ளைகளைப் பேண, லூயிஸ் ஷெப்ளர் போன்ற பணிப்பெண்களின் துணையோடு பாலர் பள்ளிகளை ஏற்படுத்தினார், பிற்காலத்தில் நாடா நெய்யும் தொழில் அப்பள்ளத்தாக்கிற்கு வரவும் துணைநின்றார். 1826ஆம் ஆண்டில் மறையும்வரை, ஏறக்குறைய 59 ஆண்டுகள், அங்கேயே இருந்தார். அவர் செய்தவற்றை அப்படியே இங்கு செய்யச் சொல்லவில்லை. நம் ஆயர்களை மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றும் ஒழுங்கு இருக்கும்வரை அது இயலவும் இயலாது. அவர் தம் ஊரின் மண்ணையும் வழியையும் சந்தையையும் அறிந்த பின்னரே செயலில் இறங்கினார் என்பதைச் சுட்டுகிறோம்.

நம் மாணவர் களப்பயிற்சிக்குச் செல்லும்போது சேகரக் குறிப்பேட்டில் குடும்ப எண்ணிக்கையும் திருமுழுக்கு எண்ணிக்கையும் எழுதுகின்றனர். அத்துடன் சிலவற்றையும் எழுதி வருவார்களாக: ஊரில் நீர் தரும் கிணறுகள் எத்தனை, உவர்த்தவை எத்தனை, எந்த ஆண்டில் உவர்த்தன, சபையாரில் நிலமுடையோர் எத்தனை பேர், திருப்பூருக்கு வேலைக்குச் செல்வோர் எவ்வளவு பேர், எவ்வகை வேலை, கொறங்காடு எஞ்சியிருக்கிறதா, மனைகளாக விற்கப்பட்டதா. இவற்றை மூப்பர்களைவிட மூதாட்டிகள் துல்லியமாகச் சொல்வர்.

கொடுமணலை நேரில் காண விரும்புவோர் காந்திபுரத்திலிருந்து திருப்பூர் வழியாகவோ, ஈரோட்டிலிருந்து சென்னிமலை வழியாகவோ செல்லலாம். அகழ்ந்த குழிகள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. மணிகளையும் ஓடுகளையும் ஊரில் காண முடியாது. கல்வட்டங்கள் வெட்டவெளியில் நிற்கின்றன. ஆற்றையொட்டிக் கிழக்கே சிறிது தொலைவு சென்றால் அணையின் நீண்ட கரை தென்படும். ஊராரிடம் கல்லறைகளைப் பற்றிக் கேட்குமுன் கிணற்றைப் பற்றிக் கேட்பது முறை.